ஆயில் பிரஷர் முள் பூஜ்ஜியத்தில் விழுந்தால்: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பழுதைத் தேடும் முறை

மூன்றாவது கியரில் ஓர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். 4 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றிருந்த ஆயில் பிரஷர் முள் ஒரே வீச்சில் பூஜ்ஜியத்தில் போய்ப் படுத்தது. காலை எடுத்தேன், முள் எழுந்து பழைய இடத்துக்கே வந்தது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். கை நடுங்கியது உண்மை. பல மாதங்கள் விடுமுறை நாட்களில் நானே உட்கார்ந்து ஒழுங்கு செய்த இன்ஜின் அது.

1980களின் நடுவில் வந்த நான்கு சிலிண்டர் ஜெர்மன் கார் என்னுடையது. முதலில் காட்டிய மெக்கானிக், முள் விழுகிறது என்று நான் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில், பேரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார். இன்னொருவர், இன்ஜினில் பிரஷரை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாரை மாற்றினால் போதும் என்றார். இருவரும் போனட்டைத் திறக்கவில்லை. பழுது கடைசியில் இரண்டிலும் இல்லை. அதைக் கண்டுபிடித்த வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இதற்கு வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், சில ரெசிஸ்டர்கள், குழாயுடன் கூடிய ஒரு மெக்கானிக்கல் பிரஷர் மீட்டர், ஒரு மதிய நேரம்.

முள் விழுந்ததும் செய்ய வேண்டியது இன்ஜினை அணைப்பதுதான். "மீட்டர்தான் கெட்டிருக்கும்" என்று வீடுவரை ஓட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. பிரஷர் உண்மையிலேயே இல்லையென்றால், பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் உள்ள எண்ணெய்ப் படலம் சில நொடிகளில் போய்விடும்; அதன்பின் உலோகம் உலோகத்தைத் தின்னும். சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் கம்பியை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் எண்ணெய் நீர்த்துப்போயிருக்கிறது. அப்போது குறைந்த பிரஷர் நிஜமாகவே இருக்கலாம்.

அடுத்து, சிவப்பு விளக்கு. மீட்டரும் எச்சரிக்கை விளக்கும் ஒரே பிரஷரைப் பற்றிச் சொல்லும் இரண்டு தனித்தனிச் சாட்சிகள். பெரும்பாலான கார்களில் பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால் விளக்கு எரியும். என் காரில் முள் பூஜ்ஜியத்தில் கிடந்தபோது விளக்கு எரியவில்லை. எண்ணெய் போகாவிட்டால் இன்ஜினின் மேல்பகுதியில் கேட்கும் டேப்பட் சத்தமும் எழவில்லை. இந்த இரண்டும்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தன. ஆனால் அந்த விளக்கின் பல்பே போயிருந்தால்? சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதே எரியாத விளக்கின் மௌனத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

இதற்கு மேல் ஊகத்துக்கு இடம் கொடுக்காமல், நிஜமான பிரஷரை அளந்துவிட வேண்டும். பலர் இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். எனக்கு அது புரியவே இல்லை. இன்ஜினில் எவ்வளவு பிரஷர் இருக்கிறது என்று தெரியாமல், மீட்டர் சரியா தவறா என்று எப்படிச் சொல்ல முடியும்?

சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் மீட்டரின் குழாயைத் திருக வேண்டும். மரையைக் கவனியுங்கள். 1/8 அங்குல பிரிட்டிஷ் குழாய் மரையில் அங்குலத்துக்கு 28 புரி. 1/8 அங்குல அமெரிக்கக் குழாய் மரையில் 27 புரி. ஒன்று இன்னொன்றில் முதல் இரண்டு சுற்று சமர்த்தாகவே ஏறும். பிறகு பிடிக்கும். அந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் இன்ஜின் பிளாக்கின் மரை போய்விடும். ஜெர்மன் கார்களில் மில்லிமீட்டர் மரையும் உண்டு. சந்தேகம் இருந்தால் பழைய சென்சாரை எடுத்துக்கொண்டு போய், அதன் மரைக்குப் பொருந்தும் இணைப்பானை வாங்கி வாருங்கள்.

குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் ஃபேனையும் தொடாதபடி கட்டிவைத்து, ஸ்டார்ட் செய்து கசிவைப் பாருங்கள். பிறகு இன்ஜின் முழுச் சூடு அடையட்டும். தண்ணீர்ச் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காக ஆயிலும் சூடாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. ஆயில் அதைவிட நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். சூடான பின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது) எவ்வளவு, நிமிடத்துக்கு 2000 சுற்றில் எவ்வளவு, 3000, 4000 சுற்றுகளில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒப்பிட வேண்டியது உங்கள் காரின் கையேட்டோடுதான். கையேடு இல்லாவிட்டால், சூடான இன்ஜினில் 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார், என்ற பழைய கணக்கு ஓர் அடிப்படையாக உதவும். சூடான ஐடிலில் முள் தாழ்ந்து நிற்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். எண்ணெய் இளகி, பம்ப் மெதுவாகச் சுற்றும் நேரம் அது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பிரஷர் ஒழுங்காக ஏறினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

என் தாளில் விழுந்த எண்கள்: ஐடிலில் 1.8 பார், 2000 சுற்றில் 3.2, 4000 சுற்றில் 4.4. இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றேன்.

எண்கள் குறைவாக வந்திருந்தால் தேடல் வேறு திசையில் போயிருக்கும்: மிகுதிப் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு, ஃபில்டர், ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடை, பம்ப், பேரிங். அப்போது மீட்டர் உண்மையைச் சொல்லியிருக்கிறது. காரை ஓட்டக் கூடாது. நிஜப் பிரஷர் சரியாக இருந்து, டாஷ்போர்டு முள் மட்டும் தவறாக இருக்கிறது என்றால் இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பயன்படும்.

உங்கள் மீட்டர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எம்ஜிபி காரின் தொடக்க கால மாடல்கள் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் ஒயரே கிடையாது. இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஆயிலையே டாஷ்போர்டு வரை கொண்டுவரும். உள்ளே வளைந்த தட்டைக் குழல் ஒன்று, பிரஷர் ஏற ஏற நிமிர முயன்று முள்ளைத் தள்ளும். யூஜின் பூர்தோன் 1849-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற அதே உத்தி. இந்த வகையில் முள் மந்தமாக எழுந்தால் குழாய் நசுங்கியிருக்கலாம், பழைய ஆயில் கட்டிப்போய் அடைத்திருக்கலாம், அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். மீட்டர் முனையைத் தளர்த்தி, கீழே துணி வைத்து, இன்ஜினை ஒரு நொடி ஓட விட்டால் ஆயில் சீராக வருகிறதா என்று தெரிந்துவிடும். காலடி விரிப்பில் ஆயில் வாடை அடித்தாலும் இந்தக் குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

மின்சார வகைதான் குழப்பம் தருவது. அதில் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்லும் ஒரு கேள்வி உண்டு: ஒயர் அறுந்தால் உங்கள் முள் எந்தப் பக்கம் போகும்?

விடிஓ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் முறையில் செய்த ஐரோப்பிய மீட்டர்களில் பிரஷர் பூஜ்ஜியமாக இருக்கும்போது சென்சாரின் மின்தடை சுமார் 10 ஓம். பிரஷர் முழு அளவை எட்டும்போது சுமார் 180 ஓம். பிரஷர் கூடினால் தடையும் கூடும். எனவே ஒயர் அறுந்தால் முள் உச்சத்துக்குப் போகும். ஒயர் எர்த்தை, அதாவது பேட்டரியின் மைனஸோடு இணைந்த இன்ஜின் அல்லது பாடியின் உலோகத்தை, தொட்டால் பூஜ்ஜியத்தில் விழும். அமெரிக்க மீட்டர்கள் பலவற்றில் இது தலைகீழ்: பூஜ்ஜியத்தில் 240 ஓம், உச்சத்தில் 33 ஓம். அங்கே அறுந்த ஒயர் பூஜ்ஜியத்தைக் காட்டும். எர்த்தைத் தொட்டால் முள் உச்சத்துக்கு ஓடும்.

இதை வெறும் எண் விவரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒயர் முனையில் களிம்பு ஏறினாலும், எர்த் சரியாக இல்லாவிட்டாலும், பாதையில் கூடுதல் தடை சேர்கிறது. விடிஓ வகையில் கூடுதல் தடை என்றால் கூடுதல் பிரஷர் என்றுதான் மீட்டர் புரிந்துகொள்ளும். அதாவது நிஜத்தில் 1 பார் இருக்கையில் 2 பார் என்று காட்டும். பயமுறுத்தும் பொய்யை நாம் உடனே துரத்திப் போகிறோம். ஆறுதல் சொல்லும் பொய்யை யாரும் சந்தேகிப்பதில்லை. ஐடிலில்கூட முள் 3-க்குக் கீழே இறங்குவதே இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எர்த்தைச் சோதித்தீர்களா என்றுதான் நான் கேட்பேன்.

இனிச் சோதனை. சென்சாரைப் பழையபடி திருகிவிட்டு, சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட விடாமல், சென்சாரிலிருந்து மீட்டர் ஒயரைக் கழற்றி எதையும் தொடாமல் பிடியுங்கள். விடிஓ வகையில் முள் உச்சத்துக்குப் போக வேண்டும். அதே ஒயரை இன்ஜின் பிளாக்கில் தொட்டால் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் பெருமளவு நலம். சந்தேகம் சென்சார் மேல். ஒயரைக் கழற்றிய பிறகும் முள் பூஜ்ஜியத்திலேயே கிடந்தால் ஒயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது மீட்டருக்கு மின்சாரம் வரவில்லை. வேறு வகை மீட்டர்களில், குறிப்பாகச் சூட்டால் வளையும் இரட்டை உலோகத் தகடு உள்ளவற்றில், ஒயரை நெடுநேரம் எர்த்தில் பிடிக்காதீர்கள். முள் அசைவது தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி கருகிவிடலாம்.

நான் இந்தச் சோதனையைச் செய்தபோது முள் 5-க்குப் போய் நின்றது. சரியாகத்தான் இருக்கிறது என்று எழுந்திருக்கப்போனேன். எதற்கும் பார்ப்போம் என்று மறு கையால் ஒயர்க் கட்டை லேசாக இன்ஜின் பக்கம் தள்ளினேன். முள் பூஜ்ஜியத்தில் விழுந்தது. விட்டேன், எழுந்தது.

டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு அந்தக் கட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். துணி நாடா சுற்றிய கட்டு, ஓர் இரும்புத் தாங்கியின் விளிம்பில் உரசிக்கொண்டு போகிறது. நாடாவைப் பிரித்தேன். மற்ற ஒயர்களெல்லாம் முழுசாக இருந்தன. இந்த ஒன்றில் மட்டும், நகக்கண் அகலத்துக்கு உறை தேய்ந்து, உள்ளே செம்பு இழைகள் பளபளத்தன. எதிரே தாங்கியின் விளிம்பிலும் பெயிண்ட் போய், அதே அகலத்துக்கு ஒரு மினுமினுப்பு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளில் கொஞ்சம் புரள்கிறது. அந்தப் புரளலில் செம்பு இரும்பைத் தொடுகிறது. மீட்டர் பூஜ்ஜியம் என்கிறது. விளக்கின் ஒயர் தனி என்பதால் அது சும்மா இருந்தது. தேய்ந்த இடத்தை வெட்டி, புது ஒயர்த் துண்டைப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, கட்டைத் தாங்கியிலிருந்து விலக்கிக் கட்டினேன். இன்ஜின் தாங்கி ரப்பர்களும் பழசாகியிருந்தன. அவற்றையும் பின்னர் மாற்றினேன். புரளல் குறையாமல் ஒயரை மட்டும் சரிசெய்தால் அது இன்னோர் இடத்தில் உரசும்.

உங்கள் பழுது இவ்வளவு தெளிவாக அகப்படாமல் போகலாம். அப்போது ரெசிஸ்டர்கள் கைகொடுக்கும். 5 பார் அளவுள்ள விடிஓ சென்சாரின் தடை 1 பாருக்குச் சுமார் 48 ஓம், 2-க்கு 82, 3-க்கு 116, 4-க்கு 151, 5-க்கு 184. மின்னணுச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் 47, 82, 120, 150, 180 ஓம் ரெசிஸ்டர்கள் இந்த வரிசைக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகின்றன. அரை வாட் போதும். ஒவ்வொன்றையும் ஒயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடித்துச் சாவியைத் திருப்புங்கள். 82 ஓமுக்கு முள் 2-ல் நின்றால் மீட்டர், ஒயர், டாஷ்போர்டு எர்த் எல்லாம் ஒரே வீச்சில் தேறிவிட்டன. எல்லா அளவிலும் ஒரே மாதிரி கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் டாஷ்போர்டின் பின்புறம் கை வைக்க வேண்டும்: மீட்டரைப் பிடிக்கும் நட்டுகள், எர்த் ஒயர், அச்சுப் பலகையின் செம்புத் தடங்கள். பெட்ரோல் முள்ளும் தண்ணீர்ச் சூட்டு முள்ளும் கூடவே தவறினால் அவற்றுக்குப் பொதுவான மின் வழியில்தான் கோளாறு. ஸ்மித்ஸ் மீட்டர்கள் உள்ள பிரிட்டிஷ் கார்களில் 10 வோல்ட் கொடுக்கும் சீராக்கி ஒன்று உண்டு, அதைப் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் ஆயில் முள் நகர்ந்தால் எர்த்தைத் தவிர வேறெதையும் தேடாதீர்கள்.

சென்சாரைச் சோதிக்க ஒயரைக் கழற்றி, அதன் முனைக்கும் உடலுக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது சுமார் 10. பிறகு இன்ஜினை ஓட விட்டு மெதுவாகச் சுற்றைக் கூட்டுங்கள். எண் தடுமாறாமல் ஏற வேண்டும். உள்ளே ஒரு சவ்வு தள்ள, ஒரு தொடுமுனை மெல்லிய கம்பிச் சுருளின் மேல் நகர்கிறது. கார் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுவதால் தொடுமுனை பல வருடங்கள் ஒரே இடத்திலேயே உரசி, அந்த இடத்தைத் தேய்த்துவிடும். முள் 3-க்கும் 4-க்கும் இடையில் மட்டும் துள்ளுகிறது, மற்ற இடங்களில் ஒழுங்காக இருக்கிறது என்றால் காரணம் இதுதான், சென்சாரை மாற்றுங்கள். சென்சாரின் டப்பாவிலிருந்தோ ஒயர் முனையிலிருந்தோ ஆயில் கசிந்தாலும் தயங்காமல் மாற்றுங்கள். உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

எல்லாச் சென்சாரையும் ஓம் கொண்டு அளக்க முடியாது. 1980களின் டொயோட்டா கார்கள் பலவற்றில் சென்சார் விட்டு விட்டு இணைப்பு கொடுக்கும். அதனோடு ஒரு சிறு பல்பைத் தொடரிணைப்பில் போட்டால், இன்ஜின் ஓடும்போது பல்பு மினுக்கும். சுற்றைக் கூட்டினால் மினுக்கும் வேகம் மாறும். அதில் மல்டிமீட்டர் காட்டும் எண்ணை நம்பி நல்ல சென்சாரைத் தூக்கி எறியக் கூடாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் வேறொரு சங்கதி. தொடக்கத்தில் நிஜமான மீட்டர் இருந்தது. 1990களின் நடுவில் அதை மாற்றி, பிரஷர் இருந்தால் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் விழும் முள்ளாக ஆக்கிவிட்டார்கள். அந்தக் கார்களில் முள் அசையாமல் நிற்பது பழுது அல்ல.

புதுச் சென்சார் வாங்கினால் அதன் உடலில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 10 பார் மீட்டருக்கு 5 பார் சென்சாரைப் போட்டால் முள் ஏறக்குறைய இரு மடங்கு காட்டும். இரண்டுக்கும் ஓம் எல்லை ஒன்றே என்பதால் வேறு எந்த அறிகுறியும் இருக்காது. பல ஜெர்மன் சென்சார்களில் இரண்டு முனைகள் உண்டு: "ஜி" மீட்டருக்கு, "டபிள்யூகே" விளக்குக்கு. ஒயர்கள் இடம் மாறிவிட்டால், இன்ஜின் நின்றிருக்கும்போது முள் பூஜ்ஜியத்திலும், ஸ்டார்ட் ஆனதும் உச்சத்திலும் நிற்கும். விளக்கோ மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முனைகளை மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

திருகும்போது ஸ்பேனரை ஆறுமுகப் பகுதியில் மட்டும் போடுங்கள். டப்பாவைப் பிடித்துத் திருகினால் அதன் மடிப்பு இளகி, புதுச் சென்சார் அன்றே கசியும். நேர் மரைக்குப் புது வாஷர் போடுங்கள். கூம்பு மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது: பிய்ந்த துணுக்கு ஆயில் வழிக்குள் போகலாம், அளவு மீறிச் சுற்றினால் சென்சாரின் எர்த்தும் கெடலாம். முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு, திரவ அடைப்பான் ஒரு துளி தடவுவதே நல்லது. முடிந்ததும் சென்சார் உடலுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே, இன்ஜின் ஓட, விளக்குகள் எரிய, வோல்ட் அளவைப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனையும் பளபளக்கத் தேய்த்து மாட்டுங்கள்.

என் காரில் ஒயரைச் சரிசெய்த பின், இன்ஜினைப் பழையபடி சூடாக்கி, முன்பு தாளில் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் டாஷ்போர்டு முள் காட்டியதையும் எழுதினேன். ஐடிலில் 1.8-க்கு 2, 2000 சுற்றில் 3.2-க்கு 3.2, 4000 சுற்றில் 4.4-க்கு 4.5. பிறகு அதே ஏற்றத்துக்குப் போய், மூன்றாவது கியரில், அதே இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். முள் 4-ஐத் தாண்டி நின்றது. அந்தத் தாள் இப்போது டாஷ்போர்டுப் பெட்டிக்குள், கார் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.